ஓலைக்கால், சீலைக்கால்: ஒரு சிப்பாய் எப்படி உருவானான்?



என் தங்கையின் பேரன் அக்னிவீராகத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் வாழ்த்துகள் குவிந்தன. நடுவில் பெரியவர் ஒருவர், "நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்குப் பட்டாளம் தாங்காதுப்பா. அதெல்லாம் பஞ்சாபிக்காரனுக்கும் கூர்க்காவுக்கும்தான்" என்று எழுதியிருந்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, பிள்ளை மேல் உள்ள கவலைதான். ஆனால் அந்தப் பேச்சுக்கு நூற்று முப்பது வருட வரலாறு இருக்கிறது. குழுவில் பதில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும் என்று இங்கே எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது, பிரிட்டிஷ் இந்தியப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவனின் வாழ்க்கை எப்படி இருந்தது?

சிப்பாய் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். படை ஏணியில் அதுதான் கடைசிப் படி. அதற்கு மேலே லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். அதற்கும் மேலே ஜமேதார், சுபேதார். தலை நரைத்துச் சுபேதார் ஆனாலும், நேற்றுச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அவர் உத்தரவு போட முடியாது.

சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். "அந்தக் காலத்தில் 11 ரூபாய் பெரிய காசாச்சே சார்" என்பீர்கள். அமைதிக் காலத்தில் சாப்பாட்டுச் செலவு அவனுடையது. அரிசி, பருப்பு, விறகு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் வாங்க வேண்டும். மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்ப வேண்டும். எல்லாச் சிப்பாய்க்கும் இலவச உணவு என்பது போர் பாதி முடிந்த பிறகு, 1917-இல்தான் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாயைக் கசையால் அடிக்கும் தண்டனை 1881-லேயே ஒழிந்துவிட்டது. இந்தியச் சிப்பாய்க்கு அது 1920 வரை சட்டத்தில் இருந்தது. ஒரே ராஜாவின் படை, ஒரே போர்க்களம், முதுகு மட்டும் வேறு.

அவனுடைய நாள் விடியும் முன்பே பிகில் சத்தத்தோடு தொடங்கும். டிரில், உடற்பயிற்சி, துப்பாக்கி துடைப்பது, குறி பார்த்துச் சுடப் பழகுவது, மண் வெட்டுவது, மூட்டை சுமப்பது, மாலையில் ஆஜர் எடுப்பது, முறை வந்தால் ராத்திரிக் காவல். செருப்பே போடாமல் வளர்ந்த கால்கள் கனத்த பூட்ஸுக்குள் போய்க் கொப்பளித்துப் பழகும். முழங்கால் வரை துணிப்பட்டி சுற்றவே தனிப் பழக்கம் வேண்டும். இறுக்கினால் கால் மரத்துப்போகும், தளர்த்தினால் நடக்கும்போது அவிழ்ந்து விழும்.

டிரில் உத்தரவுகள் ஆங்கிலத்தில். மற்றப் பாடங்களுக்குப் படையின் பொது மொழி இந்துஸ்தானி, அதையும் ரோமன் எழுத்தில் எழுதுவார்கள். நம் கிராமத்துப் பையனுக்கு இரண்டுமே புதிது. காவலுக்கு நிற்பவன் இருட்டில் ஆள் வந்தால் 'ஹூ கம்ஸ் தேர்' என்று கேட்க வேண்டும். அது சிப்பாய்களின் வாயில் 'ஹுக்கும்தார்' ஆகிவிட்டது. பள்ளியில் நம் டிரில் மாஸ்டர் 'ஸ்டாண்டடீஸ்' என்று ஒரே மூச்சில் சொல்வாரே, அதே கதைதான்.

திருவிதாங்கூர்ப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். புதிதாகப் படையில் சேர்ந்தவர்களுக்கு 'லெஃப்ட், ரைட்' புரியவில்லை. டிரில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு காலில் ஓலையையும் மறு காலில் சீலைத் துணியையும் கட்டிவிட்டார். "ஓலைக்கால்! சீலைக்கால்! ஓலைக்கால்! சீலைக்கால்!" என்றார். வரிசை சரியாக நடந்தது. கேட்பவர்கள் சிப்பாய்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அதில் அந்த டிரில் வாத்தியார்தான் தெரிகிறார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடமே 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்பதுதான். பெயர் தெரியாத அந்த மனிதர் அதை டிப்ளமோ இல்லாமலே செய்திருக்கிறார்.

இந்த டிரில், திரும்பத் திரும்பச் செய்வது, எல்லாம் எதற்கு? பயத்தில் மூளை வேலை செய்யாத நேரத்திலும் கை வேலை செய்ய வேண்டும் என்பதற்கு. அன்றைய லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியால் ஒரு நிமிடத்தில் 15 குண்டுகளைக் குறி தவறாமல் சுட வேண்டும் என்பது பிரிட்டிஷ் காலாட்படையின் அளவுகோல். அது மாதக்கணக்கில் தோட்டாவும் நேரமும் செலவழித்தால் மட்டுமே வரும் பழக்கம்.

இப்போது குழுவில் பெரியவர் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் மதராஸ் படையில் 52 காலாட்படை ரெஜிமெண்டுகள் இருந்தன. கம்பெனி ஆட்சியைத் தென்னாட்டில் நிலைநிறுத்தியதே அந்தப் படைதான். நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்தவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். தென்னாட்டில் நீண்ட காலம் போரில்லாமல் போனதால் இங்குள்ள மக்களின் போர்க்குணம் மங்கிவிட்டது, வடமேற்கு மக்களோடு ஒப்பிட முடியாது என்பது அவர் முடிவு. 'போர்க்குலங்கள்' என்ற பட்டியல் அந்தக் காலத்தில்தான் படையில் வேரூன்றியது. மதராஸ் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. பல பட்டாலியன்களில் நம் ஆட்களை நிறுத்திவிட்டு வடக்கத்தி ஆட்களைச் சேர்த்துப் பஞ்சாபிப் படைகள் என்று பெயர் மாற்றினார்கள்.

மிச்சமிருந்த மதராஸ் காலாட்படைக்கு என்ன ஆனது? எல்லையில் சண்டை என்றால் பெரும்பாலும் வடக்கத்திப் படைகளையே அனுப்பினார்கள். இவர்களுக்குக் கோட்டைக் காவலும் பாராவும். சண்டை இல்லாத இடத்தில் பதவி உயர்வு மெதுவாக வரும், துடிப்புள்ள அதிகாரிகளும் அங்கே வர விரும்ப மாட்டார்கள்.

இந்த நிலையில்தான் 1914 வந்தது. நம் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க அனுப்பப்பட்ட படையில் சேர்க்கப்பட்டது. கப்பல் ஏறும் தறுவாயில்தான் சில பட்டாலியன்களுக்குப் புது லீ-என்ஃபீல்ட் துப்பாக்கிகள் கைக்கு வந்தன. அக்டோபர் 16-இல் பம்பாயிலிருந்து புறப்பட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலில் நெருக்கியடித்துக் கிடந்து, வாந்தியும் தலைசுற்றலுமாக நவம்பர் 2-இல் போய்ச் சேர்ந்தார்கள். இடையில் மொம்பாசாவில் இறக்கி ஓய்வு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்தப் படையில் இருந்த பட்டாலியன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பயிற்சி செய்தவையும் அல்ல.

நவம்பர் 4-இல் அடர்ந்த புதர்க்காட்டுக்குள் முன்னேறச் சொன்னார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் வெடித்தன. பாளையங்கோட்டைப் படை சிதறிக் கடற்கரைக்கு ஓடியது. சண்டைக்கு நடுவே காட்டுத் தேனீக்கள் வேறு கலைந்து கொட்டின. சுமார் 8,000 பேர் கொண்ட படை சுமார் 1,000 பேரிடம் தோற்றுத் திரும்பியது. ஓடியது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முந்தின நாள் முன்னேறிப் போய்ப் பின்வாங்கியது 13-ஆவது ராஜ்புத் படை. அவர்கள் 'போர்க்குலம்' பட்டியலில் இருந்தவர்கள். அவர்களைப் பற்றி யாரும் பிறப்புப் பேச்சு பேசவில்லை. நம்மவர்களைப் பற்றி மட்டும் "நாங்கள்தான் முன்பே சொன்னோமே" என்றார்கள்.

போர் முடிந்த பிறகு 1920-களில் மதராஸ் காலாட்படை ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1941-இல்தான் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருவானது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே காலத்தில் இருந்தது. பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். 1780-இல் தொடங்கிய பொறியியல் படை. பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, வெடி வைப்பது, பாதை போடுவது இவர்கள் வேலை. ஆட்கள் அதே தமிழ், தெலுங்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் கிறிஸ்தவர்களும் நிறைய. படையில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி', இன்றைக்கும் அப்படித்தான். ராபர்ட்ஸ் காலத்து வெட்டு இவர்கள் மேல் விழவில்லை, ஏனென்றால் இவர்கள் இல்லாமல் எந்தப் படையும் ஆறு தாண்ட முடியாது.

இங்கே சேர்ந்த பையனுக்கு டிரில்லும் துப்பாக்கியும் எல்லோரையும் போலத்தான். அதற்கு மேல் கயிற்று முடிச்சு, மிதவைப் படகு, பாலம், வெடிமருந்து என்று பாடம் தொடர்ந்தது. தச்சு, கொல்லு, கொத்து என்று கைத்தொழிலும் உண்டு. முள்கம்பி வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற வெடிக்குழாயை உலகப் படைகள் எல்லாம் பயன்படுத்தின. அதை 1912-இல் உருவாக்கியது இந்தப் படையைச் சேர்ந்த மெக்கிளின்டாக் என்ற அதிகாரி.

1917 பிப்ரவரி 23. மெசபடோமியாவில், இன்றைய இராக்கில், ஷும்ரான் வளைவு என்ற இடத்தில் துருக்கியரின் குண்டுகளுக்கு நடுவே டைகிரிஸ் ஆற்றைத் தாண்ட வேண்டும். அந்தக் கடப்பை நடத்திய டிவிஷனின் பொறியாளர்களாக இருந்தவர்களில் மதராஸ் சாப்பர்களின் 12, 13 கம்பெனிகள் உண்டு. அந்த ஆற்றைத் தாண்டியதால்தான் அடுத்த மாதம் பாக்தாத் விழுந்தது.

இன்னொரு பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சுபேதார் சுப்பிரமணியன், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மதராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது, வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான்.

ஒரே மண், ஒரே அரிசிச் சோறு, ஒரே மொழி. ஒருவனைப் பாராவில் நிறுத்தி வைத்து, புதுத் துப்பாக்கியைக் கையில் திணித்து, தெரியாத காட்டுக்குள் தள்ளினார்கள். இன்னொருவனுக்கு நாள் தவறாமல் சொல்லிக் கொடுத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை நான் பட்டாளத்துக்காக மட்டும் எழுதவில்லை. "இவனுக்கு மண்டையில ஏறாது" என்று ஒரு பிள்ளையைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்க மாட்டார்கள், நோட்டைத் திருத்த மாட்டார்கள். பரீட்சையில் அவன் விழுந்ததும் "சொன்னேன்ல" என்பார்கள். ராபர்ட்ஸ் செய்ததும் அதுதான். உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், மேலாளர்கள், அப்பா அம்மாக்கள். யாரைப் பற்றியாவது "இவனுக்கு வராது" என்று வாய் வரும்போது, அவனுக்கு ஓலையும் சீலையும் கட்டிப் பார்த்தோமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்காகத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கல்வெட்டு உண்டு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், இந்த ஊரிலிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர் கூட இல்லை. எத்தனை முறை அந்த வழியாகக் காய்கறிப் பையோடு நடந்திருப்பீர்கள்!

உங்கள் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். மெடல், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், மணியார்டர் ரசீது ஏதாவது கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று ஊரில் ஒரு வீட்டுக்குப் பெயர் இருக்கும், அது யாரால் வந்தது என்று விசாரியுங்கள். பெயர், ஊர், படைப்பிரிவு, தெரிந்தவரை கமெண்டில் எழுதுங்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

பயிற்சியில் இருக்கும் நம் பேரப்பிள்ளைக்கு: பூட்ஸ் கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவு. டிரில் வாத்தியார் சொல்வதைக் கவனி. மற்றதெல்லாம் தானாக வரும், தங்கம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்