பண்டிகை இரவும் மூத்த மகளும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்து மதகடிப்பட்டு, திருபுவனை, திருவாண்டார்கோயில் என்று புதுச்சேரி ஊர்களைக் கடந்து, கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வில்லியனூர் வழியாக நகரம் சேர்கிறது. ஒரே சாலையில் இரண்டு அரசுகள், இரண்டு மதுச் சட்டங்கள். இந்த எல்லையின் வரலாறு பெரும்பாலும் வருவாய்க் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. இங்கே குடிக்கும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் பக்கத்திலிருந்து, குறிப்பாக மூத்த மகளின் பக்கத்திலிருந்து, அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. இங்கே கடைகள் திறந்திருந்தன. 1954இல் ஆட்சி கைமாறியது, கடைகள் மூடவில்லை. தமிழ்நாடு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974இல் திரும்பக் கொண்டுவந்து, 1981இல் மறுபடி தளர்த்தியது. 1983இல் டாஸ்மாக்கைத் தொடங்கி, 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. புதுச்சேரி அரசோ சாராயக்கடைகளை ஏலம் விட்டது. ஏலத்தொகை கஜானாவில் வரவானது. அது எத்தனை வீடுகளின் அரிசிக் காசு என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

பண்டிகையில் இந்தக் கணக்கு வெளியே தெரிந்துவிடும். 1877இல் பிரான்சிலிருந்து வந்த லூர்து மாதா சுரூபம் இருக்கும் வில்லியனூரைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு டிசம்பர் என்றால் குடில், நட்சத்திரம், புதுத்துணி, நடுச்சாமப் பூசை. ஆண்கள் குடிப்பதற்கும் பண்டிகையே அனுமதி. 'நல்ல நாளும் அதுவுமா விடேன்' என்று ஊரும் சொல்லும். விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். அப்பாவின் காலடிச் சத்தத்தை வைத்தே போதையை அளக்கிறார்கள். துணி எடுக்க வைத்த காசை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறார்கள். விருந்தாளி வந்தால் 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை' என்கிறார்கள். தீபாவளியிலும் பொங்கலிலும் இதே கதைதான்.

இந்தச் சமாளிப்பிலும் பால் பாகுபாடு உண்டு. தம்பி தெருவுக்கு ஓடிவிடலாம். அக்கா ஓட முடியாது. அடி விழும்போது அம்மாவுக்கு முன்னால் நிற்பவளும், தம்பியைப் பூசைக்குக் கூட்டிப்போகிறவளும், விடிந்ததும் எதுவும் நடக்காததுபோல் வாசல் தெளிப்பவளும் அவளே. 'பொறுப்பான பொண்ணு' என்று அவளைப் புகழ்கிறோம். அந்தப் புகழே அவளைக் கட்டிப்போடுகிறது.

குடிக்கு எதிரான பெண்கள் இயக்கத்தின் வரலாற்றில் ஒரு கிறிஸ்துமஸ் உண்டு. 1873 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற ஊரில் எலைசா தாம்சன் என்ற பெண், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பெண்களைத் திரட்டி மதுக்கடைகளுக்கு முன்னால் போய் நின்றார். முந்தைய இரவு நடந்த மதுவிலக்குச் சொற்பொழிவின் செய்தியை அவரிடம் கொண்டுவந்தவன் அவருடைய மகன். காலையில் விவிலியத்தைத் திறந்து எடுத்துவந்தவள் மகள். அடுத்த ஆண்டு கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் பிறந்தது. நம் பக்கத்தில், 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக்கடையை மூடவைத்தார்கள். 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. வரலாறு இவர்களைத் தாயாகவும் மனைவியாகவும் நினைவில் வைத்திருக்கிறது. பிள்ளைகள் செய்திகொண்டு வந்தவர்களாகவே நின்றுவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளின் அனுபவத்துக்குப் பெயர் வரக் காலம் பிடித்தது. 1957இல் கலிபோர்னியாவில் குடிநோயாளியின் மகனான ஒரு பதின்வயதுப் பையன், தன் வயதினருக்காக 'அலட்டீன்' குழுவைத் தொடங்கினான். 1980களின் தொடக்கத்தில் ஷாரன் வெக்‌ஷைடர், கிளாடியா பிளாக், ஜேனட் வோய்டிட்ஸ் ஆகிய மூன்று பெண்கள், இப்படி வளர்ந்தவர்கள் பெரியவர்களான பின்னும் சுமப்பதைப் பற்றி எழுதினார்கள். எல்லாவற்றையும் தாங்கும் 'நாயகப் பிள்ளை'யை அடையாளம் காட்டியவர் வெக்‌ஷைடர். பெரும்பாலும் அது மூத்த பிள்ளை. சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய மையம், சிகிச்சை குடும்பத்துக்கும் வேண்டும் என்று வலியுறுத்தியது.

திருவாண்டார்கோயில் வரலாற்றுக்கு ஏலப் பதிவேடு மட்டும் போதாது. பூசைக்குத் தம்பியின் கையைப் பிடித்துப் போனவர்கள் இன்று நம் அம்மாக்கள், அத்தைகள், அக்காக்கள். அந்த இரவுகளில் என்ன செய்தார்கள், யாரிடம் சொல்ல முடியாமல் போனது என்று அவர்களைக் கேட்டு எழுதிவைப்போம். இன்று அதே நிலையில் இருக்கும் சிறுமிக்கு, 1098 என்ற எண் இரவிலும் எடுக்கப்படும் என்பதையும், அப்பாவைத் திருத்துவது அவள் வேலையல்ல என்பதையும் சொல்லிவைப்போம்.