பிலிகுண்டுலுவும் பாக் விரிகுடாவும்

காவிரிச் சிக்கலையும் பாக் விரிகுடா மீன்பிடிச் சிக்கலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஒன்று மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர் வழக்கு. மற்றது இரு நாடுகளுக்கு இடையிலான கடல் விவகாரம். முன்னதைப் பேச நீர்வளத் துறை இருக்கிறது, பின்னதைப் பேச வெளியுறவுத் துறை. இந்தப் பிரிவினை பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் செல்லுபடியாகாது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் "காவேரித் தண்ணி வந்துச்சா?" என்பது அன்றாடக் கேள்வி. போர்வெல் தண்ணீர் வேறு, காவேரித் தண்ணீர் வேறு. பின்னது வரும் நேரம் பார்த்து மோட்டார் போடுவார்கள். ஸம்ப்பில் விழும் அந்த நீர் அங்கே தடுக்கப்படாவிட்டால் மேட்டூர் கடந்து, கல்லணையில் பிரிந்து, பாமணியாறு, கோரையாறு போன்ற கிளைகள் வழியே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை அடைந்திருக்கலாம். அதற்கு அப்பால் பாக் நீரிணை. ஒப்பிடப்போகும் இரண்டும் ஒரே நீர்வழியின் தலையும் வாலும்தான்.

முதலில் ஆண்டுகள். சென்னை, மைசூர் அரசுகளின் 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டு நிறைந்து 1974-இல் காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம். மறுஆய்வுக்கு உரியதே தவிரக் காலாவதி அல்ல என்றது தமிழகம். அதே 1974-இன் ஜூன் மாதத்தில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பாக் நீரிணையில் எல்லை வகுத்தார்கள். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்பது 1976-இல் கடிதமானது. நதியில் ஒப்பந்தம் முடிந்ததால் பிணக்கு, கடலில் ஒப்பந்தம் பிறந்ததால் பிணக்கு. தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

அடுத்து வாதங்கள். இங்கேதான் தமிழ் வாசகர் சற்று நெளிய வேண்டியிருக்கும். காவிரியில் தமிழகத்தின் அடிப்படை வாதம் முன்பயன்: டெல்டா தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த நிலம், அந்த உரிமையில் கைவைக்கக் கூடாது. பாக் விரிகுடாவிலும் தமிழகம் சொல்வது அதையேதான்: இது எங்கள் பாரம்பரியக் கடல், முப்பாட்டன் காலம் முதல் போய்வந்தோம். எதிர்த்தரப்பின் பதிலும் இரண்டிலும் ஒன்றே. எங்கள் பாசன விரிவுக்கு 1924 ஒப்பந்தம் வரம்பு கட்டியது, நாங்கள் தாமதமாகத்தான் எழுந்தோம், அதற்காகப் பங்கு குறையலாமா என்றது கர்நாடகம். போர் முடிந்த 2009-க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மீனவர் கேட்பதும் அதேதான்: போரும் கடல் தடைகளும் எங்களைக் கரையில் உட்காரவைத்தன, அந்தக் காலத்தில் உங்கள் விசைப்படகுகள் பெருகின, இப்போது திரும்பி வந்தால் எங்கள் வலையையும் அறுத்துக்கொண்டு போகிறீர்களே?

வாதம் மாறவில்லை, இருக்கை மாறியிருக்கிறது. நதியில் குறைநீருக்குக் காத்திருக்கும் கடைமடைக்காரர், கடலில் முந்தி அள்ளுபவர். அள்ளும் கருவியை மறந்துவிட்டுப் பாரம்பரியம் பேசுவது எனக்கு முழு நேர்மையாகப் படவில்லை. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள அந்தக் கடலில் இழுவைமடி தரையோடு தரையாகப் போகிறது. மடியை அவிழ்த்துத் தளத்தில் கொட்டினால் இறாலும் நண்டும் கொஞ்சம், மிச்சம் சங்காயம். குஞ்சு மீன், சிப்பி, கடற்புல் எல்லாம் கலந்த அந்தக் குவியல் மீன்மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு இந்தியப் பக்கம் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற 1,600 கோடி ரூபாயில் திட்டம் போடப்பட்டது. மாறிய படகுகள் சொற்பம். நாட்டுப்படகுக்காரர்களும் தமிழகத்தவரே என்பதையும், இழுவைப் படகு மீது அவர்களுக்கும் நெடுநாள் மனக்குறை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோபம் விழும் இடத்தில் இரண்டும் வேறு. கடலில் அது படகில் இருப்பவர் மீதே நேராக விழுகிறது: கைது, படகு பறிமுதல், உயிரிழப்பு. நதியில் அது சம்பந்தமே இல்லாதவர் மீது விழுகிறது. 1991 டிசம்பரின் காவிரிக் கலவரத்தில் பெங்களூர்த் தமிழர் பட்டது, அவர்கள் கேட்காத தண்ணீருக்காக. அவர்களும் குடித்தது மேல்மடைத் தண்ணீர்தானே!

அமைப்பு என்று வந்தால் நதி வெகு தூரம் முன்னே நிற்கிறது. 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் திருத்தம், அதே ஆண்டு மேலாண்மை ஆணையம். பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்பது இன்று கேள்விக்கு இடமில்லாத எண்; எல்லையில் ஓர் அளவு நிலையம் அதைப் பதிவு செய்கிறது. கடலிலோ 2016-இல் அமைந்த கூட்டுப் பணிக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவதாகப் பேச்சு; ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தபோது 2024 அக்டோபர் ஆகியிருந்தது. விரிகுடாவில் எவ்வளவு மீன் இருக்கிறது, எத்தனை படகைத் தாங்கும் என்பதற்கு இரு அரசும் ஒப்பிய எண் எதுவும் கிடையாது.

ஆனால் பயனாளிகள் தாமாகவே சந்தித்த கதையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 2003-இல் மன்னார்குடி ரங்கநாதனும் பேராசிரியர் ஜனகராஜனும் முன்நிற்க, இரு மாநில விவசாயிகள் 'காவிரிக் குடும்பம்' என்று கூடினார்கள். ஒருவர் வயலை மற்றவர் பார்த்தார்கள். 2010 ஆகஸ்டில் சென்னையில் இரு நாட்டு மீனவர் உட்கார்ந்து, ஆண்டுக்கு 70 நாள் மட்டும், கரையை நெருங்காமல், ஓராண்டில் இழுவைமடியை விடுவது என்று பேசி முடித்தார்கள். இரண்டையுமே அரசுகள் எடுத்துக்கொள்ளவில்லை. மொழி வேறான விவசாயிகளாலும் பேச முடிந்தது. மொழி ஒன்றான மீனவராலும் அரசுகளை அசைக்க முடியவில்லை.

இயற்கைக்கு ஒதுக்கிய பங்கைப் பார்ப்போம். நடுவர் மன்றத்தின் 740 டி.எம்.சி. கணக்கில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4. உச்ச நீதிமன்றம் பெங்களூரின் குடிநீருக்குக் கூடுதலாகக் கொடுத்தது மட்டும் 4.75. கடலுக்குப் போகும் நீர் 'வீண்' என்று எல்லா மாநில மேடைகளிலும் கேட்கிறோம். முத்துப்பேட்டை இறாலுக்கும் மடவைக்கும் அந்த நன்னீர்தான் உவர்ப்பைத் தணிக்கிறது. கடலின் 14 டி.எம்.சி. என்று சொல்லத்தக்கது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கி.மீ. கடற்பசுக் காப்பகமும் வந்தது. இரண்டும் இந்தியப் பக்கத்து ஏற்பாடுகள். கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது.

நதியின் கணக்கிலும் ஓர் ஓட்டை. வீடுகள் குடிக்கும் நீரில் 20 விழுக்காடே செலவு, மிச்சம் ஆற்றுக்குத் திரும்பும் என்பது தீர்ப்பின் அனுமானம். லிங்கராஜபுரம் உள்ளிட்ட கிழக்குப் பெங்களூரின் சாக்கடை காவிரிக்குத் திரும்புவதே இல்லை. அது சரிவதெல்லாம் தென்பெண்ணைப் பக்கம். ஒசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து, கடலூரில் கடல் சேரும் ஆறு அது.

கடலிலும் கணக்குப் போட முடியும். வடக்கே பேரன்ட்ஸ் கடலில் நார்வேயும் சோவியத் ஒன்றியமும் 1970-களின் நடுவிலேயே கூட்டு ஆணையம் அமைத்து, காட் மீனைச் சமபாதியாகப் பங்கிட்டன. எல்லைக்கோடு 2010-இல்தான் முடிவானது. பாக் விரிகுடாவில் நடந்தது தலைகீழ்: கோடு 1974-இலேயே தயார், மீன் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. 61 நாள் தடையை இரு கரைக்கும் பொதுவாக்குவதிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். மிச்சம் 304 நாளும் இழுவைமடி வந்துகொண்டிருக்கும்வரை, அந்த ஓய்வுக்கு ஒப்பும்படி வடக்கு மாகாண மீனவரைக் கேட்க நமக்கு வாய் வராது.