கூலிக் கப்பலில் இருந்து டிரெய்லர் லாரி வரை

பத்தாவது தாண்டாத லாரி டிரைவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகணும்னா, 'குடிபெயர்வோர் பாதுகாவலர்'ங்கற அதிகாரி அனுமதி தரணும். இந்தப் பதவி 19-ஆம் நூற்றாண்டு சமாச்சாரம் மக்களே! மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேத்தின காலத்துலயே மெட்ராஸ்ல இருந்தது.

ஆள்பிடிக்கிறவன் அப்பவும் தேனா பேசுவான். 1917-ல் கூலி ஏற்றுமதி நின்னுச்சு. 1922-ல் ஒரு சட்டம் வந்துச்சு. 1970களில் எண்ணெய்ப் பணம் கொழிச்சதும் ஏஜென்ட்டுகள் மறுபடி முளைச்சாங்க. அதனால 1983 சட்டம், பதிவுச் சான்று இல்லாம வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கறதைத் தடை செஞ்சது.

சரி, சுவத்துல மாட்டியிருக்கிற சான்று அசலா போலியான்னு டிரைவருக்கு எப்படித் தெரியும்? 2014-ல் வந்த மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளம் இதுக்குத்தான். ஏஜென்ட் பேரைத் தேடினா பதிவு செல்லுமா, ரத்தாயிடுச்சான்னு தெரிஞ்சிடும். விதிப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

வேலைவாய்ப்புத் தளம் எவ்வளவு பளபளன்னு இருந்தா என்ன? "ஒன்றரை லட்சம் கட்டு, சவுதியில டிரெய்லர் ஓட்டலாம்"னு உங்க ஊர்ல யாராவது சொன்னா, முதல்ல பதிவு எண்ணைக் கேக்கச் சொல்லுங்க. நகையை அடகு வைக்கறதெல்லாம் அப்புறம்.