வேற்றுநாட்டாரின் மணவோலை

மோவாபு நாட்டுப் பெண்ணாகிய ரூத்து பெத்லகேமில் மறுமணம் செய்துகொண்டதை நாம் அன்பின் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆயினும் அந்நூலின் நான்காம் அதிகாரத்தை நிதானமாகப் படிப்போர், அது ஒரு சட்ட நடவடிக்கையின் பதிவாகவும் அமைந்திருப்பதைக் காண்பர். போவாசு நகர வாயிலில் அமர்கிறார். மூப்பர் பத்துப் பேரை அழைத்து அமர்த்துகிறார். தம்மைவிட நெருங்கிய உரிமையுடைய உறவினர் மிதியடியைக் கழற்றிக் கொடுத்து விலகிக்கொள்கிறார். தடை ஏதும் இல்லையென்று ஊரறிந்த பின்னரே மணம் நடைபெறுகிறது.

பிறந்து வளர்ந்த ஊரில் மணப்பவனுக்கு ஊரே சாட்சி. நேற்று வந்தவனுக்கு யார் சாட்சி? இக்கேள்வி திருச்சபையை நீண்ட காலம் வருத்தியது. 1215ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், இரகசியத் திருமணங்களைத் தடைசெய்து, நடக்கவிருக்கும் மணத்தைக் கோவிலில் முன்கூட்டியே அறிவிக்கவேண்டுமெனப் பணித்தது. இன்று நம் பங்குகளில் 'ஓலை வாசித்தல்' என்று வழங்குவதன் வேர் இதுவே. ஆனால் ஓலை வாசித்தால் எழுந்து மறுப்பதற்கு, அவனை அறிந்தவர் அந்தக் கோவிலில் இருக்கவேண்டும் அல்லவா? தொலைநாட்டு வணிகனையும் போர்வீரனையும் அங்கே யார் அறிவார்?

1563 நவம்பர் 11ஆம் நாள் திரிதெந்தீன் பொதுச்சங்கம் இதற்கு நேரடியாகவே விடையளித்தது. பங்குக்குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என்று அறிவித்த அச்சங்கம், நிலையான இருப்பிடமின்றி அலைவோரைக் குறித்துத் தனி அதிகாரம் ஒன்றையும் வகுத்தது. முதல் மனைவியைக் கைவிட்டு, அவள் உயிரோடிருக்கும்போதே வெவ்வேறு ஊர்களில் வேறு பெண்களை மணப்போர் பலர் என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. ஆகவே பங்குக்குரு கவனமாக விசாரித்து, ஆயரின் அனுமதி பெற்ற பின்னரே அத்தகையோருக்கு மணம் நடத்தலாம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1071ஆம் விதியிலும் இந்த அனுமதி தொடர்கிறது. வழிப்போக்கனைக் குற்றவாளியாகக் கருதியதால் பிறந்த சட்டம் அன்று இது. எங்கோ ஒரு கிராமத்தில் கணவன் வருவானென்று காத்திருந்த பெண்ணை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது; அவளுக்காகப் பேச வேறொருவரும் இல்லை.

பிற்காலத்தில் அரசுகள் இப்பொறுப்பைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டு ஹார்ட்விக் பிரபுவின் சட்டம், ஆங்கிலிக்கன் கோவிலில் முறைப்படி நடவாத மணம் செல்லாதென்றது. யூதருக்கும் குவேக்கர் சபையாருக்கும் விலக்களித்த அச்சட்டம் கத்தோலிக்கருக்கு அதை அளிக்கவில்லை. 1836ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நம்மவர் சட்டப்படி மணம்புரிய ஆங்கிலிக்கன் குருவின் முன் நிற்கவேண்டியிருந்தது. அச்சட்டம் எல்லைக்கப்பால் ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. அங்கே இருவர் சாட்சியாக நிற்க, மனமொத்ததாகச் சொன்னாலே போதும். எனவே எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு ஆங்கிலேய இளையோர் ஓடிப்போயினர். இவ்வோட்டத்தைத் தடுக்கவே 1856ஆம் ஆண்டுச் சட்டம், மணமக்களில் ஒருவரேனும் ஸ்காட்லாந்தில் வழக்கமாக வாழ்பவராக, அல்லது 21 நாள் தங்கியவராக இருக்கவேண்டுமென்று விதித்தது.

ஐரோப்பியக் கண்டத்தில் வேறொரு வழி பிறந்தது. ஒன்றுபட்ட இத்தாலியின் 1865ஆம் ஆண்டு உரிமையியல் சட்டம், அங்கே மணம்புரிய விரும்பும் வேற்றுநாட்டார், 'தடையேதும் இல்லை' என்று தம் நாட்டின் உரிய அதிகாரியிடமிருந்து சான்று கொண்டுவரவேண்டுமென்றது. அச்சான்றுக்கு வழங்கும் பெயரே 'நுல்லா ஓஸ்தா'. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் 116ஆம் பிரிவும் இதனையே கேட்கிறது. கேட்பது எளிது. ஆனால் எல்லா நாடுகளும் இப்படியொரு சான்றை வழங்குவதில்லை. அமெரிக்க அரசு தருவதில்லை. ஆகையால் அந்நாட்டார் தாம் மணத்திற்குத் தடையற்றவர் எனத் தூதரக அலுவலர் முன் ஆணையிட்டு எழுதித் தருவதோடு, சாட்சிகளோடும் சென்று உறுதிமொழி அளிக்கவேண்டியுள்ளது. உயிருக்கு அஞ்சித் தன் நாட்டைவிட்டு ஓடிவந்த அகதி என்ன செய்வார்? எந்த அரசு தம்மைத் துன்புறுத்தியதோ அதன் தூதரகக் கதவையே தட்டுவதா? அவருக்கு ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையம் அச்சான்றை வழங்கும் வழக்கம் இத்தாலியில் ஏற்பட்டது. நகர வாயிலில் அமர்ந்த மூப்பரின் இடத்தை இங்கே ஓர் அனைத்துலக அமைப்பு ஏற்றது என்று கூறினால் மிகையாகாது.

இதுவரை கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இவர் மணம்புரியத் தடையற்றவரா? நம் காலத்தில் அதனருகே மற்றொரு கேள்வி வந்து அமர்ந்தது: இவர் இந்நாட்டில் தங்க உரிமை பெற்றவரா? குடியேற்ற உரிமைக்காகச் செய்யப்படும் போலித் திருமணங்கள் இருப்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் பிரிட்டன் 2005ஆம் ஆண்டு மேற்கொண்ட முறை விபரீதமானது. குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டோர் மணம்புரிய உள்துறையின் ஒப்புதல் சான்று பெறவேண்டும். அதற்குரிய கட்டணம் பின்னர் 295 பவுனாக உயர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குப்படி மணப்போருக்கு மட்டும் விலக்கு! 1753ஆம் ஆண்டின் நிழல் 250 ஆண்டுகளுக்குப் பின்னும் நீண்டதை இங்கே காண்கிறோம். 2008ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் இதில் குறை கண்டனர். கத்தோலிக்க இணையர் தொடுத்த வழக்கில் 2010 டிசம்பர் 14 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், இம்முறை மணம்புரியும் உரிமையை மீறியது என்றும், சமய அடிப்படையில் வேற்றுமை பாராட்டியது என்றும் தீர்ப்பளித்தது. மணம் உண்மையானதா என்று ஆராயாமலே ஒரு வகுப்பார் அனைவரையும் தடுத்தது, ஏழையால் இயலாத கட்டணத்தைச் சுமத்தியது ஆகிய இரண்டையும் அது கண்டித்தது. 2011ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது.

இத்தாலியும் அதே பாதையில் சிறிது தூரம் சென்று திரும்பிற்று. 2009ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தால், சட்டப்படி தங்கியிருப்பதற்கான ஆவணத்தையும் 116ஆம் பிரிவு கேட்கலாயிற்று. ஆவணமில்லாத வேற்றுநாட்டாரை மணக்க விரும்பிய இத்தாலியக் குடிமகனின் உரிமையும் அதனால் பறிபோயிற்று. 2011ஆம் ஆண்டு 245ஆம் எண் தீர்ப்பில், அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் மேற்கூறிய ஐரோப்பியத் தீர்ப்பையும் சுட்டிக்காட்டி அச்சேர்க்கையை நீக்கியது. அதன்பின் உரோமை நகர மன்றத்தின் பதிவாளர் வேற்றுநாட்டு மணமகனிடம் கேட்பது, 1865இல் கேட்கப்பட்ட அந்தப் பழைய தாளையே.