கிழக்குத் திமோர் பள்ளிகள் மீளமைப்பு

கிழக்குத் திமோர் பள்ளிகள் மீளமைப்பு என்பது, 1999 செப்டம்பர் வன்முறையில் அழிந்த கிழக்குத் திமோர் பள்ளிகளைப் பன்னாட்டு உதவியுடன் மீண்டும் இயங்கச் செய்த பணிகளைக் குறிக்கும். இவை பெரும்பாலும் 1999 இறுதி முதல் 2002 வரை நடைபெற்றன. பள்ளிக் கட்டடங்கள் ஓரிரு ஆண்டுகளில் பயன்பாட்டுக்கு வந்தன. எனினும் ஆசிரியர் பற்றாக்குறை, பயிற்றுமொழி ஆகிய சிக்கல்கள் பல ஆண்டுகள் நீடித்தன.

பின்னணி

போர்த்துகேயக் குடியேற்ற நாடாக இருந்த கிழக்குத் திமோரை இந்தோனேசியா 1975 டிசம்பரில் கைப்பற்றியது. அதன் ஆட்சிக்காலத்தில் பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது. இந்தோனேசிய மொழியே பயிற்றுமொழியாக இருந்தது.

1999 ஆகஸ்ட் 30 அன்று ஐக்கிய நாடுகள் அவை நடத்திய வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் தன்னாட்சித் திட்டத்தை நிராகரித்து, விடுதலைக்கு வழிவகுத்தனர். முடிவு வெளியானதும் இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் குழுக்களும் படையினரில் ஒரு பகுதியினரும் நாடு முழுவதும் தீவைப்பிலும் கொள்ளையிலும் ஈடுபட்டனர். சுமார் 2.5 இலட்சம் பேர் மேற்குத் திமோருக்குச் சென்றனர் அல்லது வலிந்து கொண்டுசெல்லப்பட்டனர். செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியா தலைமையிலான பன்னாட்டுப் படை வந்திறங்கியது. அக்டோபர் 25 அன்று ஐ.நா. இடைக்கால நிருவாகம் நிறுவப்பட்டது.

சேதம்

பள்ளிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அழிந்தன அல்லது கடுமையாகச் சேதமடைந்தன. பல இடங்களில் சுவர்கள் மட்டும் எஞ்சின. கூரை எரிந்தும், கதவு, சன்னல், மேசை, நாற்காலி போன்றவை கொள்ளைபோயும் இருந்தன. பாடநூல்களும் பதிவேடுகளும் அழிந்தன.

ஆசிரியர் இழப்பும் பெரிதாக இருந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரும், இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரும் இந்தோனேசியர்கள். அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறியதால் இடைநிலைக் கல்வி ஏறக்குறைய முற்றாக நின்றுபோனது.

பன்னாட்டு உதவி

முதலில் செயற்பட்டவர்கள் உள்ளூர் மக்களே. 1999 இறுதியிலேயே பல ஊர்களில் எஞ்சிய ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் தன்னார்வலர்களாக வகுப்புகளைத் தொடங்கினர். யுனிசெப் அவர்களுக்கு ஊக்கத்தொகையும், உலக உணவுத் திட்டம் உணவுப் பொருட்களும் வழங்கின. மழைக்காலத்தைக் கருத்தில் கொண்டு, சுவர்கள் உறுதியாக இருந்த பள்ளிகளுக்குக் கூரை அமைக்கும் பணியையும் யுனிசெப் மேற்கொண்டது.

1999 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய கொடை நாடுகள், நாட்டின் மீளமைப்புக்கென 50 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் உறுதியளித்தன. இதன் ஒரு பகுதி, உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் நிருவகித்த கிழக்குத் திமோர் பொறுப்பு நிதியத்தில் சேர்ந்தது. போர்த்துகல், ஐரோப்பிய ஆணையம், ஜப்பான் ஆகியவை இந்நிதியத்தின் முதன்மைக் கொடையாளர்கள்.

இந்நிதியத்திலிருந்து சுமார் 1.4 கோடி டாலர் செலவில், அவசரப் பள்ளி ஆயத்தத் திட்டம் 2000-இல் தொடங்கப்பட்டது. புதிய கட்டடங்களை எழுப்புவதைவிட, இருப்பவற்றைப் பாடம் நடத்தத் தகுந்த அடிப்படை நிலைக்குக் கொண்டுவருவதே இதன் முதல் நோக்கம். இதன்வழி 535 பள்ளிகளில் சுமார் 2,780 வகுப்பறைகள் சீரமைக்கப்பட்டன. பள்ளித் தளபாடங்களும் பாடநூல்களும் வழங்கப்பட்டன.

தேர்வு ஒன்றின் மூலம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தெரிவு செய்யப்பட்டு, 2000 அக்டோபரில் புதிய கல்வியாண்டு தொடங்கியது. பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டதால், முன்பு பள்ளிக்கே வராத ஏழைக் குழந்தைகளும் வயது கடந்த சிறுவர்களும் பெருமளவில் சேர்ந்தனர். இதனால் முதல் வகுப்பில் நெருக்கடி ஏற்பட்டது.

பயிற்றுமொழிச் சிக்கல்

விடுதலைப் போராட்டத் தலைவர்களில் மூத்தோர் பலர் போர்த்துகேய மொழியில் கல்வி கற்றவர்கள். இளைய தலைமுறையினரும் ஆசிரியர்களில் பெரும்பாலோரும் இந்தோனேசிய மொழியில் கற்றவர்கள். மக்கள் பரவலாகப் பேசுவது தெத்தும் மொழி. இதைத் தவிர வேறு பல தாய்மொழிகளும் உண்டு.

2000-2001 கல்வியாண்டில் முதல் இரு வகுப்புகளில் போர்த்துகேயம் பயிற்றுமொழியாக்கப்பட்டு, பின்னர் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிவாக்கப்பட்டது. மேல் வகுப்புகளில் இந்தோனேசியப் பாடநூல்கள் சில காலம் தொடர்ந்தன. போர்த்துகல் பாடநூல்களையும் ஆசிரியர்களையும் அனுப்பியது. எனினும், தாமே நன்கு அறியாத ஒரு மொழியில், மாணவருக்கும் புரியாத பாடத்தை ஆசிரியர்கள் நடத்த நேர்ந்தது. 2002 மே 20 அன்று நாடு விடுதலை பெற்றபோது, போர்த்துகேயம், தெத்தும் இரண்டும் அரசியலமைப்பின்படி ஆட்சிமொழிகளாயின.

மதிப்பீடு

நாடு தழுவிய அழிவு நேர்ந்து ஓராண்டு கழிந்த நிலையில் பெரும்பாலான குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது இப்பணியின் முதன்மைச் சாதனையாகக் கருதப்படுகிறது. கூரை, வகுப்பறை ஆகியவற்றை ஓரிரு ஆண்டுகளில் அமைக்க முடிந்தது; பயிற்சி பெற்ற ஆசிரியர்களை அதே வேகத்தில் உருவாக்க இயலவில்லை.

உலக வங்கி 2010-இல் வெளியிட்ட வாசிப்புத் திறன் ஆய்வின்படி, முதல் வகுப்பை முடிக்கும் மாணவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரால் ஓர் எளிய பகுதியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க இயலவில்லை. இதன் பின்னர் தொடக்க வகுப்புகளில் தெத்தும் மொழியின் பயன்பாடு அதிகரிக்கப்பட்டது. 2015-இல் சட்டமாக்கப்பட்ட தொடக்கக் கல்விப் பாடத்திட்டம், தெத்தும் மொழியில் எழுத்தறிவைத் தொடங்கிப் படிப்படியாகப் போர்த்துகேயத்துக்கு மாறும் முறையைக் கொண்டுவந்தது.