மேகநாத சாகா கற்ற முறை

கணக்கும் அறிவியலும் நமக்கு வாரா என்று சொல்லிப் பள்ளியிறுதியோடு நின்றுவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்கள் பொருட்டு மேகநாத சாகாவின் வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் இங்கு எழுதுகிறேன்.

சாகா 1893இல் டாக்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடைக்காரர் மகனாய்ப் பிறந்தார். அவர் குலம் அக்காலச் சாதி அடுக்கில் தாழ்ந்ததாக எண்ணப்பட்டது. மேற்படிப்புக்குப் பள்ளி இன்மையால், வேற்றூர் மருத்துவர் ஒருவர் இல்லத்தில் தங்கி, மாட்டைப் பேணி, உண்ட தட்டைத் தாமே கழுவிப் படித்தார். கல்கத்தாவில் பயின்ற நாளில் விடுதி மாணவர் சிலர் அவருடன் ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். இவற்றை நம்மவர் விளக்கமின்றியே அறிவர். அவர் எவ்வாறு கற்றார் என்பதே நாம் கேட்க வேண்டியது.

1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் ஆசிரியரானார். படித்ததோ கணிதம், பின்னர் நடத்த நேர்ந்ததோ இயற்பியல். வெப்ப இயக்கவியலையும் நிறமாலையியலையும் தாமே கற்றுத் தெளிந்து எம்.எஸ்ஸி. மாணவர்க்கு உரைக்க வேண்டியதாயிற்று. உலகப் போரினால் ஜெர்மானிய நூல்கள் அரிதாயின. சிப்பூர்க் கல்லூரிப் பேராசிரியர் புரூலிடம் இருந்த நூல்களைச் சாகாவும் தோழர் சத்தியேந்திரநாத் போசும் இரவல் பெற்றனர். ஜெர்மன் மொழியைச் சாகா முன்னரே பயின்றிருந்தார். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் பெயர்க்க, பல்கலைக்கழகம் 1920இல் நூலாக்கியது. மொழிபெயர்ப்பவன் விளங்காத வரியைத் தாண்டிச் செல்ல இயலாது. நம் மாணவர் நம்பியிருக்கும் மனப்பாடம் அங்கே உதவாது.

அவ்விரு பாடங்களை நடத்திய காலத்திலேயே, 1919இல், தம் கொள்கை உருப்பெற்றது என்று சாகாவே பின்னாளில் எழுதியுள்ளார். சூரியனின் நிறமண்டலத்தில் மிக உயரத்தில், எலெக்ட்ரான் ஒன்றை இழந்த கால்சியத்தின் கோடுகள் தெரிவானேன் என்பது அன்றைய புதிர். வெப்பத்தால் ஒரு சேர்மம் பிரிவதற்கு வேதியியலில் வழங்கிய கணக்கை அவர் அணுவுக்குப் பொருத்தினார். அணு அயனியாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. வெப்பம் மிகுந்தால் பிரிவு மிகும். அழுத்தம் குறைந்தாலும் மிகும். உயரே அழுத்தம் மிகக் குறைவு. புதிர் அவிழ்ந்தது! விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுவதற்குப் பெரிதும் அவற்றின் வெப்பநிலையே காரணம் என்பதும் இதனால் விளங்கிற்று. 1920இல் இக்கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 27 கூட நிரம்பியிருக்குமோ என்னவோ!

தாமே முயன்று கற்ற வெப்பவியலை, பின்னர் ஸ்ரீவாஸ்தவாவுடன் சேர்ந்து 1931இல் பெருநூலாக எழுதினார். இந்தியக் கல்லூரி மாணவர் நெடுங்காலம் அதனைப் பயின்றனர்.