படிக்கத் திரும்பிய பெரியவர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

போன மாதம் சின்னப்பாலத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். முப்பது வருடத்துக்கு முன் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்யாணம். இப்போது கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது.

"சார், நானும் அவள மாதிரி கவர்மெண்டு பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். இப்ப தபால்ல பி.ஏ. சேர்ந்தா எனக்கும் அந்த ஆயிரம் வருமா?"

வராது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு அந்தத் திட்டம் இல்லை. ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு பழைய தகரப் பெட்டியைத் திறந்து என் ரசீதுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

பிள்ளைகள் படிக்க உதவும் வழக்கம் நம் பக்கத்தில் பழையது. 1954-ல் கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் சேர சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது, அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடும்பம், தொழில் என்று ஆன பிறகு படிப்புக்குத் திரும்பும் ஆளுக்கு யார் உதவியிருக்கிறார்கள்? தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கிறது.

சேதுபதி பரம்பரையின் உறவினர், பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படித் தேர்வுகள் நடத்தியது. என் சிறுவயதில் நான் பார்த்த வயதான தமிழாசிரியர்கள் சிலர் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அந்தத் தேர்வை எழுதியவர்கள்தான். ஒரு தனி மனிதரின் கொடையில் நடந்த காரியம் அது. அரசாங்கம் என்று எடுத்துக்கொண்டால் 1944-ஐச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் 22-ல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போர் முடிந்து வரும் சிப்பாய்கள் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசே கட்டும். வீட்டுச் செலவுக்கும் மாதாமாதம் பணம் தரும். சுமார் 22 லட்சம் பேர் அப்படிக் கல்லூரிக்குப் போனார்கள். மனைவி மக்களோடு வந்து படித்தவர்களும் அதில் உண்டு.

அதே 1944-ல்தான் இந்தியாவில் பட்டியல் சாதி மாணவர்களுக்குப் பள்ளிக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை தொடங்கியது. நாளடைவில் அதன் விதிகளில் சேர்ந்த ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. தபால் வழியில் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம்; கட்டணம் திரும்பக் கிடைக்கும், புத்தகத்துக்கும் தனியாகப் பணம் உண்டு. 2010 விதிகளில் அது ஆண்டுக்கு 1200 ரூபாய். வருமான வரம்புக்குள் இருந்தால் வேலையில் இருப்பவருக்கும் கட்டணம் மட்டும் கிடைக்கும். நம் பக்கத்தில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கினார்கள்? பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெற்ற பிறகுதான் இதைக் கேள்விப்பட்டார். கேட்டவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி என் கதை. 1964-ல் மதுரையில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போனது ஊருக்கே தெரியும். பாம்பனில் எங்கள் அப்பாவின் வத்தையும் வலையும் போனது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். பொங்கலுக்குப் பிறகு நான் கல்லூரிக்குத் திரும்பவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 1967-ல் இடைநிலை ஆசிரியர் ஆனேன்.

டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியிருந்தது. நமக்கு அது எட்டாத தூரம். 1966-ல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியதும்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது. விட்ட பி.யூ.சி.யை முடித்து, பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தேன். பாடங்கள் தபாலில் கட்டுக்கட்டாக வரும். சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதுவரை தீவிலிருந்து எங்கே போவதானாலும் ரயில்தான். கோடை விடுமுறை நேர்முக வகுப்புக்குப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறி மதுரை சேர்ந்தால், வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல வாத்தியார்கள், மீதிப் பேர் குமாஸ்தாக்கள். தலை நரைத்தவர்களும் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டணம்? என் மனைவியின் இரண்டு வளையல்கள். அடகுக் கடைக்குப் போகக் கூச்சப்பட்டேன். "கடலுக்குப் போற வீட்டுல பொறந்தவ நான். அடகு வைக்கிறது நமக்குப் புதுசா?" என்று அவளே கழற்றிக் கொடுத்தாள்.

வளையலை மீட்பதற்கு நான் நம்பியிருந்தது ஒரு அரசாணை. கல்வித்துறையின் 1969 ஜனவரி 10 தேதியிட்ட ஆணை எண் 42. ஆசிரியர் கூடுதல் தகுதி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு உண்டு என்றது அது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களின் உயர்கல்விக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி என்று எந்த உதவித்தொகையையும் விட இந்த ஆணையைத்தான் நான் சொல்வேன். படிக்கும்போது கையில் காசு தராது. படித்து முடித்தால் ஆயுள் முழுக்கச் சம்பளத்தோடு சேர்ந்து வரும், ஓய்வூதியத்திலும் அதன் பலன் தெரியும். அதை நம்பித்தான் நாங்கள் கடன் வாங்கிப் படித்தோம்.

எனக்கு அது கிடைக்க இரண்டு வருடம் ஆயிற்று. படிப்பதற்கு முன் அனுமதி கேட்டு நான் போட்ட விண்ணப்பம் ஒரு அலுவலகத்தில் காணாமல் போயிருந்தது. நகலைத் தேடி எடுத்து, நடையாய் நடந்து, நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது ஒரு வளையல் ஏலத்தில் போய்விட்டது. மற்றதை மீட்டேன். அவள் அந்த ஒற்றை வளையலையே போட்டுக்கொண்டிருந்தாள், கடைசி வரை.

பிறகு வந்தவர்களுக்குக் கதவுகள் கூடின. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வி தொடங்கியது, 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. பள்ளிப் படிப்பு முடிக்காதவரும் திறந்தநிலை முறையில் பட்டம் வாங்கலாம் என்றார்கள். வாங்கினார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதையொட்டிய அரசாணையும் வந்தன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படிக்காதவரின் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்றாயிற்று. படிப்பின் தரத்துக்காகச் சொன்னார்கள்; அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவருக்கு அதை யாரும் திருப்பித் தரவில்லை.

ஊக்க ஊதிய உயர்வையும் 2020 மார்ச் 10 அன்று நிறுத்திவிட்டார்கள். பின்னர் அதற்குப் பதிலாக ஒரே தடவையில் மொத்தத் தொகை தருவது என்று மாற்றினார்கள். மாதாமாதம் வந்ததும் ஒருமுறை வருவதும் ஒன்றா என்பதை ஓய்வூதியம் வாங்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணிடம் மறுவாரம் உள்ளதைச் சொன்னேன். ஆயிரம் வராது. பட்டியல் சாதி உதவித்தொகைக்கு அவர் சமூகம் வராது. வேலையில் இல்லாததால் ஊக்கத்தொகை என்ற பேச்சே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இருப்பதால் 2009 ஆணை மட்டும் அவரைத் தொடாது. கேட்டுவிட்டு, "அப்ப எங்க குழுவுலதான் சார் கேக்கணும்" என்றார்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, 1992-93 வாக்கில் நம் மாவட்டத்துக்கு வந்தவை. வலை வாங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, காதுகுத்துக்கு என்று அதில் கடன் கேட்பார்கள். ஒரு பெண் தன் படிப்புக்கே கேட்டது அந்தக் குழுவில் முதல் தடவையாம். "இந்த வயசுல படிச்சு என்ன கலெக்டரா ஆகப் போற?" என்று இரண்டு பேர் மறுத்திருக்கிறார்கள். அரை நாள் வாக்குவாதம். கடைசியில் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று முன்தினம் கட்டண ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். வரலாறுதான் எடுத்திருக்கிறார். கடல் சரியில்லாமல் பாசிக்கு இறங்க முடியாத மாதங்களில் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று குழு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம்.